கொழும்பு வீட்டில் பவளத் தொட்டி: காசு எங்கே போகும், வேலை எங்கே இருக்கும்

வெளிநாட்டு வீடியோ எதைப் பார்த்தாலும் கடல்நீர்த் தொட்டிக்கான சாமான் பட்டியலில் ஹீட்டர் ஒன்று இருக்கும். கொழும்பில் அதை வெட்டிவிடலாம். காசு மிச்சம் என்று நினைக்க வேண்டாம், அதே இடத்தில் பல மடங்கு விலையோடு, தண்ணியைக் குளிர்விக்கும் சில்லர் வந்து நிற்கும். பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்குள் பகலில் 29, 30 சாதாரணம், மார்ச் ஏப்ரலில் அதற்கும் மேலே, அதோடு பம்பும் லைட்டும் தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு பாகை கூட்டும். 30க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி நம்முடைய பவளப்பாறைகளே வெளுத்துப் போயின, அதற்காவது சுற்றிவர ஒரு இந்து சமுத்திரம் இருந்தது. உங்களிடம் இருக்கப்போவது 200 லீட்டர்.

அதனால் இங்கே காசு ஒதுக்குகிற ஒழுங்கே வேறு. முதலில் குளிர், அப்புறம் தண்ணி, அப்புறம் கரண்ட் போனால் தாங்க ஒரு வழி. லைட், ஸ்கிம்மர் (காற்றுக் குமிழால் தண்ணியின் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) எல்லாம் அதற்குப் பிறகு, மீனும் பவளமும் கடைசியில். பலர் தலைகீழாகப் போகிறார்கள்: பெரிய தொட்டி, நீல லைட், நாலு மீன், பிறகு வெயில் காலம் வந்ததும் ஐஸ் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். இணையத்தில் 'அவசர விற்பனை' என்று வரும் தொட்டிகளில் பாதியின் கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

எந்த அளவுத் தொட்டி?

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதல் தொட்டிக்கு இதைத்தான் சொல்வேன். விளிம்பு வரை நிரப்பினால் கிட்டத்தட்ட 190 லீட்டர். மேசையில் வைக்கும் சின்னத் தொட்டி மலிவு என்று தோன்றும், ஆனால் தண்ணி குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும், தொடங்குகிறவருக்கு அது சரிவராது. நாலு அடிக்குப் போனால் சில்லரும் லைட்டும் உப்பும் எல்லாமே அடுத்த சைஸுக்குத் தாவும்.

தொட்டியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் வெட்டி ஒட்டித் தருவார்கள், செலவில் இதுதான் சின்னப் பகுதி. கண்ணாடி மட்டும் 40 கிலோ வரும், தண்ணி, கல், ஸ்டாண்ட், கீழே சம்ப் (கருவிகள் நிற்கும் இரண்டாவது தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 300 கிலோ தாராளமாகப் போகும். ஃபிளாட் என்றால் சுவரோரமாக, முடிந்தால் கீழே பீம் ஓடும் இடத்தில் வையுங்கள், பால்கனியில் வைக்கவே வேண்டாம். ஸ்டாண்டை வெல்டிங் பாஸிடம் பொக்ஸ் அயனில் செய்விக்கலாம், ஆனால் இரண்டு பூச்சு துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்காமல் உள்ளே எடுக்காதீர்கள். கடலோரத்து வீடுகளில் ஜன்னல் கொண்டியே துருப்பிடிக்கும்போது, மேலிருந்து உப்புத்தண்ணி சொட்டும் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குளிரும் கரண்ட் பில்லும்

குளிர்விக்க மூன்று வழி. மிக மலிவானது தண்ணி மட்டத்துக்கு மேலே ஊதும் சின்ன ஃபேன். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் இரண்டு, நல்ல நாளில் மூன்று பாகைதான் இறங்கும், மழைக்கு முந்திய புழுக்கத்தில் அதுவும் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று லீட்டர் ஆவியாகும், அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மென்பவளங்களும் (கல் எலும்பு இல்லாதவை) ஒரு சோடிக் கிளவுன் மீனும் போதும் என்றால் ஃபேனோடு சமாளிக்கலாம்.

இரண்டாவது, எப்படியும் ஏசி ஓடுகிற அறையில் தொட்டியை வைப்பது. இரவில் மட்டும் ஓடும் ஏசி என்றால் பிழை, இரவில் 25, பகலில் 30 என்று தினமும் ஆடுவதை விட ஒரேயடியாக 28 இல் நிற்பது மேல். ஏசி அறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கதவு ஜன்னல் பூட்டிய அறையில் நாம் விடும் கரியமிலவாயு தங்கி, தண்ணியின் பிஎச் 7.8 வரைக்கும் விழும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

மூன்றாவது சில்லர். மூன்றடித் தொட்டிக்குப் பத்தில் ஒரு குதிரைவலு என்று போட்டிருப்பார்கள், பெட்டியில் எழுதியிருக்கும் லீட்டர் கணக்கை நம்பாமல் ஒரு சைஸ் மேலே எடுங்கள். அந்தக் கணக்கு நம்முடைய ஏப்ரலை நினைத்துப் போட்டதல்ல. சில்லர் உறிஞ்சும் சூடு மாயமாக மறையாது, பின்பக்கத்தால் அறைக்குள்தான் வரும். அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டைத் தானே திரும்ப இழுத்து நாள் முழுக்க ஓடும். வெளியே, காற்றோட்டத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.

இனிக் கரண்ட். சம்பிலிருந்து தண்ணியை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் 25 வாட், 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 0.6 யூனிட். ஸ்கிம்மர் 15 வாட், 0.36. தொட்டிக்குள் தண்ணியை அசைக்கும் அலை பம்ப் இரண்டு, சேர்த்து 20 வாட், 0.48. லைட் 90 வாட், ஒன்பது மணி நேரம், 0.8. சில்லர் ஓடும்போது 200 வாட், பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 2 யூனிட். மொத்தம் நாளுக்கு 4.25 அளவில், மாதம் 130க்குக் கிட்ட. சில்லருக்குப் பதில் ஃபேன் என்றால் 80க்குள். இதில் கவனிக்க வேண்டியது யூனிட் எண்ணிக்கையை விட அது எந்தப் படியில் விழுகிறது என்பதுதான். வீட்டுப் பில் படிப்படியாக ஏறும், 180 யூனிட்டுக்கு மேலே கடைசிப் படி. இப்போது 100 யூனிட் எரிக்கிற வீடு தொட்டியோடு 230க்குப் போகும், அந்த மேலதிக யூனிட்டுகள் எல்லாம் விலை கூடிய படிகளில் விழும். உங்கள் கடைசிப் பில்லை எடுத்து, அதில் 130ஐக் கூட்டி, புதிய தொகையைக் கணக்குப் பார்த்து, வீட்டில் பில் கட்டுகிறவரிடம் காட்டிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

கரண்ட் போனால்

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலத்தில் எத்தனையோ தொட்டிகள் போயின. அது முடிந்துவிட்டது என்று இருக்க முடியாது, 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் என்று சொல்லி நாடு முழுக்க இருளாகியது. குரங்குக்கெல்லாம் திட்டம் போட முடியாது, மின்கலத்துக்குப் போடலாம்.

கரண்ட் நின்றால் முதலில் கொல்வது சூடல்ல, ஒட்சிசன் குறைவு. 200 லீட்டர் தண்ணி சூடேற மணிக்கணக்காகும், ஆனால் அசையாத தண்ணியில், அதுவும் சூடான உப்புத் தண்ணியில், ஒட்சிசன் சீக்கிரம் தீரும். ஆகவே எல்லாவற்றையும் ஓடவைக்கத் தேவையில்லை, தண்ணி மேற்பரப்பு அசைந்தால் போதும். அலை பம்ப் வாங்கும்போதே பேட்டரியில் ஓடக்கூடிய டிசி வகையாக எடுங்கள். 2022இல் வாங்கிய 100 ஆம்பியர் மணி பேட்டரியும் இன்வேர்ட்டரும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன, அதில் 20 வாட்டை மட்டும் போட்டால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை ஒரு பகலையும் ஒரு இரவையும் ஓட்டலாம். அது இல்லையென்றால் வைஃபைக்கு வாங்கிய மினி யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றைச் செருகுங்கள். மலிவு, அவசரத்துக்குப் போதும்.

தொட்டியில் மீன் போடுவதற்கு முன்னாலேயே ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள். ரிட்டர்ன் குழாய் வழியாகத் தண்ணி பின்னோக்கி இழுத்து சம்புக்கு வரும், சம்ப் நிரம்பி வழிகிறதா என்று பார்ப்பது அப்போதுதான், இரவு இரண்டு மணிக்கு அல்ல. ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்னத் துளை போட்டால் மட்டம் அதைத் தொட்டதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். அந்தத் துளையை நத்தையும் பாசியும் அடைக்கும், மாதம் ஒருக்கா பல் குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

தண்ணி, உப்பு

குழாய்த் தண்ணியை நேரே ஊற்றக்கூடாது. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணி யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி போலக் கல்லாகப் படியாது, அந்த வகையில் கொழும்புக்காரருக்கு அதிர்ஷ்டம், வடிகட்டியின் பிசின் (கரைந்த உப்புகளைப் பிடிக்கும் சிறு மணிகள்) கூடுதல் காலம் தாங்கும். ஆனால் குளோரின் இருக்கும், பழைய செப்புக் குழாய் இருந்தால் செம்பும் வரும், செம்பு இறாலையும் பவளத்தையும் நேரடியாகக் கொல்லும். நான்கு கட்ட ஆர்ஓ-டிஐ வடிகட்டி (மெம்பிரேன் என்ற நுண்சவ்வாலும் பிசினாலும் தண்ணியில் கரைந்ததை எடுப்பது) கட்டாயம். அதோடு தண்ணியில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று, அதில் பூச்சியம் காட்ட வேண்டும், 1 அல்லது 2 காட்டத் தொடங்கினால் பிசின் மாற்றும் நேரம்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் தவறவிடும் ஒன்று அமுக்கம். ஆர்ஓ மெம்பிரேனுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ வேண்டும். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து பத்து மீட்டர் கீழே இருக்கிற வீட்டுக்கு வருவது 14 பிஎஸ்ஐ மட்டும், மேல் மாடி என்றால் அதில் பாதியும் இல்லை. பூஸ்டர் பம்ப் இல்லாமல் பூட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், கழிவும் இரண்டு மடங்கு. சரியாக ஓடினாலும் ஒரு லீட்டருக்கு மூன்று நான்கு லீட்டர் கழிவு போகும். கிழமைக்கு நல்ல தண்ணி 40 லீட்டர் வேண்டும், கழிவு 150 வரும், அதை வாளியில் பிடித்து உடுப்பு ஊறவைக்கவும் பூச்சட்டிக்கும் எடுக்கலாம், கெட்ட தண்ணியல்ல.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உப்பு ஏன் வாங்க வேண்டும்?" எல்லாரும் கேட்பார்கள். வெள்ளவத்தைக் கரையில் வாளியால் அள்ளும் தண்ணியில் கால்வாய்க் கழிவும் சேர்ந்தே வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கலங்கல், களனி பெருகினால் கரையோரத்து உப்பே குறையும். தெரிந்த படகுக்காரர் யாராவது தூரக் கடலில் கேனில் நிரப்பிக்கொண்டு வந்தால், இருட்டில் இரண்டு கிழமை மூடி வைத்து, வடிகட்டி, உப்பளவு பார்த்து, மீன் மட்டும் உள்ள தொட்டிக்குப் பாவிக்கலாம். பவளத்துக்கு என்றால் நான் பாக்கெட் உப்பையே சொல்வேன்.

லீட்டருக்கு 36 கிராம் அளவில் கரைத்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வரும், அடர்த்தி 1.026. கிழமைக்கு 20 லீட்டர் மாற்றினால் மாதம் மூன்று கிலோ, 20 கிலோ வாளி ஒன்று ஆறு மாதத்துக்கு மேல் போகும். ஆனால் நம் ஊர் ஈரத்தில் மூடி சரியாகப் பூட்டாத வாளியில் உப்பு இரண்டாம் மாதமே கட்டியாகி, கரண்டி இறங்காமல், உடைத்தால் தூளாகவும் கல்லாகவும் பிரிந்து வரும். அப்படிக் கட்டிய உப்பைக் கரைத்தால் தண்ணி பால்போல் நிற்கும், கல்சியம் வெளியே படிந்துவிட்டது என்று அர்த்தம். வாளிக்குள் பிளாஸ்டிக் பையைக் கட்டிப் போடுங்கள், எடுப்பதற்கு முன்னால் மூடியோடு வாளியைத் தரையில் உருட்டுங்கள், பயணத்தில் அடியில் இறங்கிய சாமான் கலக்கும்.

ஆவியாவது தண்ணி மட்டும், உப்பு தங்கும். அதனால் குறைந்ததை நிரப்புவது எப்போதும் உப்பில்லாத வடிகட்டிய தண்ணியால். ஃபேன் போட்ட தொட்டியில் நாலு நாள் நிரப்பாமல் விட்டால் 35 இருந்தது 37க்குக் கிட்டப் போகும்.

மிச்சச் சாமானும் மொத்தக் கணக்கும்

இறக்குமதிச் சாமானுக்கு டொலரில் யோசிப்பதுதான் சரி, ரூபாய் விலை மாதத்துக்கு மாதம் மாறும். வெளியில் சின்னச் சில்லர் 300 முதல் 500 டொலர், ஸ்கிம்மர் 120 முதல் 250, அலை பம்ப் ஒன்று 30 முதல் 60, ரிட்டர்ன் பம்ப் 50 முதல் 100, ஆர்ஓ-டிஐயும் பூஸ்டரும் 150க்கு மேல், காய்ந்த கல் 20 கிலோ 80 முதல் 150, உப்பு வாளி 60 முதல் 100, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் டெஸ்ட் கிட்டுகளும் 100. லைட்டில்தான் வித்தியாசம் பெரிது: சீனக் கறுப்புப் பெட்டி 120க்குக் கிடைக்கும், பெயர் பெற்றது 800ஐத் தாண்டும். மென்பவளத்துக்கும் பெரிய பொலிப் (ஒவ்வொரு பவள உயிரின் சதை உடல்) உள்ள கல்பவளத்துக்கும் கறுப்புப் பெட்டி போதும், கண்ணுக்கு அழகில்லை என்பதைத் தவிர. கூட்டினால் குறைந்தது 1000 டொலர், டொலர் 300 ரூபாய் என்றால் மூன்று இலட்சம், அதற்கு மேலே கப்பல் கூலி, தீர்வை, 18 வீத வற், தொட்டியும் ஸ்டாண்டும். நாலு ஐந்து இலட்சத்துக்குக் கீழே யாராவது "எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்றால் சில்லர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாவித்த சாமானில் ஸ்கிம்மரும் பம்பும் தைரியமாக வாங்கலாம், ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டால் விளங்கும். சில்லரை வாங்கினால் அவர் வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணியோடு ஓடவிட்டு வெப்பமானி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய தொட்டி என்றால் மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் சிலிக்கனும் கல்லும் அதைப் பிடித்து வைத்திருக்கும், வேண்டாம்.

பராமரிப்பு

தண்ணியும் கல்லும் போட்ட பிறகு நாலு முதல் ஆறு கிழமை வெறும் தொட்டி, கழிவை மாற்றும் பற்றீரியா வளரும் காலம் அது. அமோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, கடைசியில் நைட்ரேட் நிற்கும். அதற்கு முன்னால் மீன் போடுவது வீண் கொலை.

அதன் பின் தினமும் ஐந்து நிமிடம்: வெப்பமானி, மீன் எண்ணிக்கை, ஸ்கிம்மர் கோப்பையில் எவ்வளவு அழுக்கு. கிழமைக்கு ஒரு மணி நேரம்: 10 வீதம் தண்ணி மாற்றம், கண்ணாடி துடைப்பு, கோப்பை கழுவல், ஆல்கலினிட்டி டெஸ்ட் (பவளம் எலும்பு கட்ட எடுக்கும் காபனேற்றின் அளவு, அலகு டிகேஎச்). ஒரே ஒரு டெஸ்ட்தான் செய்ய நேரம் என்றால் ஆல்கலினிட்டியைச் செய்யுங்கள், 8க்கும் 9க்கும் இடையில் அசையாமல் நிற்கட்டும். பவளம் வளரத் தொடங்கினால் அது விழும். விலை கூடிய போத்தல் மருந்துக்கு ஓட வேண்டாம், பலசரக்குக் கடையில் விற்கும் சுத்தமான பேக்கிங் சோடா அதே வேலையைச் செய்யும்: 200 லீட்டரில் ஒரு டிகேஎச் உயர்த்த 6 கிராம், வடிகட்டிய தண்ணியில் கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் கூட்டாமல். பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று ஒருவர் கேட்டார். கல்சியம் ஹைட்ரொக்சைடு பாவிப்பது உண்மைதான், ஆனால் சுத்தமான ஆய்வுகூடத் தரத்தில். வெற்றிலைத் தட்டில் இருப்பதை அங்கேயே விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்புகளைக் கழற்றுங்கள். உள்ளே சுழலும் காந்தத்தில் வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருக்கும், கையால் சுற்றினால் இறுகி நின்று நின்று சுற்றும். வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சம அளவில் விட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டால் குமிழ் குமிழாகக் கரைந்துபோகும். சில்லரின் தூசி வலையையும் அன்றே கழுவுங்கள். தூசி அடைத்த சில்லர் தண்ணியைக் குளிர்விக்காமல் பில்லை மட்டும் ஏற்றும்.

கொழும்புக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்லாது: டெங்குப் புகை. நுளம்புக்கு அடிக்கும் மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு மனிதருக்குச் செய்வதை விடப் பல மடங்கு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஸ்கிம்மர் அறைக் காற்றைத் தண்ணிக்குள் இழுத்துக் கலக்குகிற இயந்திரம், புகை வந்தால் அதையும் இழுக்கும். புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜன்னலைச் சாத்தி, ஸ்கிம்மரையும் ஏர் பம்பையும் அணைத்து, தொட்டிக்கு மேலே ஈரத் துணியோ பொலித்தீனோ போட்டு மூடுங்கள், அலை பம்ப் மட்டும் ஓடட்டும், வாசம் முழுக்கப் போன பிறகு திறக்கலாம். ஸ்பிரே போத்தலுக்கும் இதேதான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அம்மா தொட்டிப் பக்கம் கொண்டுவந்தால் அந்த நேரத்துக்கு ஸ்கிம்மரை நிறுத்திவிடுங்கள், சண்டைக்குப் போக வேண்டாம்.

உயிரினம் வாங்கும்போது: இலங்கைக் கடலில் பவளம் பிடுங்குவது குற்றம், கல்பவளம் எல்லாம் அருகிவரும் உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் பட்டியலிலும் இருப்பதால் இறக்குமதிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். யாராவது ஹிக்கடுவவிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ "புதிதாக வந்தது" என்று காட்டினால் விட்டுவிட்டு வாருங்கள். மற்றவர் தொட்டியில் வளர்ந்த துண்டுகளே போதும், அவை நம்முடைய சூட்டுக்கும் பழகியிருக்கும். தொட்டியில் பொரித்து வளர்ந்த கிளவுன் மீன்தான் முதல் மீனுக்கு நல்லது.

நல்லூர்த் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்குப் போவதென்றால், சாப்பாட்டை நாள்வாரியாக மாத்திரைப் பெட்டியில் போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: கரண்ட் போனால் எந்தச் சுவிட்ச், தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எந்தக் கேன். மீன் பசியாகப் பார்க்கிறது என்று பாவம் பார்த்து அள்ளிப் போடுவார்கள், அதனால் மிச்சச் சாப்பாட்டு டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.